பூவாடை

செங்கமலத்துக்கு மூக்கு போன கதை ஊருக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. கண் போனால் ஐயோ என்பார்கள், காது போனால் கொஞ்சம் சத்தமாகப் பேசியாவது பாவப்படுவார்கள். மூக்கு போனவளுக்காகப் பாவப்பட்டு யாருக்கும் பழக்கமில்லை. மார்கழிக் கடைசியில் காய்ச்சலில் படுத்தவள் மாசியில்தான் எழுந்தாள். நடை வந்தது, பசி வந்தது, கொட்டின தலைமுடிகூட முளைத்தது. வாசனை மட்டும் வரவில்லை. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது.

"குடுத்து வச்சவடி நீ," என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னாயி. "எம் புருசன் சாராயத்தக் குடிச்சிட்டு வந்து மூஞ்சிக்கு நேரா கொட்டாவி வுடுறான். எனக்கும் அந்தக் காச்ச வந்து தொலைக்கக் கூடாதா."

செங்கமலமும் சேர்ந்து சிரித்தாள். அப்போது அவளுக்கே அது என்ன இழப்பு என்று தெரியாது.

ஆண்டிமடத்துக்குக் கிழக்கே, முந்திரிக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பழனிவேலின் களத்தில் கொட்டை வறுக்கிற வேலை நடக்கும். அகலமான தகரத் தட்டில் கொட்டையைக் கொட்டித் துடுப்பால் கிளற வேண்டும். சூடு ஏற ஏறத் தோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து தட்டே தீப்பிடித்துக்கொள்ளும். கரும்புகையில் எதிரில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது. அந்தப் புகையின் காரம் குறைந்து லேசாகத் தித்திப்பாக ஒரு வாசம் வரும்போது தட்டைக் கவிழ்த்து, சாம்பலைத் தூவி அணைத்துவிட வேண்டும். முந்தினால் பருப்பு தோட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிந்தினால் கரியாகிவிடும். களத்தில் வறுக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். செங்கமலம் அந்தச் சித்திரையில் முதல் தட்டையே கரியாக்கினாள். இரண்டாவது தட்டைப் பயந்து பயந்து பச்சையாகவே கவிழ்த்தாள்.

பழனிவேல் கெட்டவன் இல்லை. "ஒடம்பு தேறுற வரைக்கும் ஒடைக்கிற பக்கம் ஒக்காரு புள்ள," என்று மட்டும் சொன்னான். அவள் கட்டையை எடுத்துக்கொண்டு கொட்டை உடைக்கிற கிழவிகளோடு போய் உட்கார்ந்தாள்.

அந்த மாதங்களில் காடு முழுக்க முந்திரிப் பழம் விழுந்து அழுகிப் புளித்துக் கிடக்கும். பஸ் ஊருக்குள் நுழைந்ததும் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கள்ளுக்கடையெல்லாம் எறங்கு," என்று கத்துவான். செங்கமலத்துக்கு ஊரே டூரிங் டாக்கீஸில் சத்தம் நின்றுபோய்ப் படம் மட்டும் ஓடுகிற மாதிரி இருந்தது. எல்லாம் நடக்கிறது, எதுவும் அவளிடம் வந்து சேரவில்லை. குழம்பு கொதித்தது, வேப்பம்பூ கொட்டியது, ஆட்டுக்கிடை போனது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் புருஷன் இராமலிங்கம் பெரம்பலூர்ப் பக்கம் பாறையில் கிணறு வெட்டப் போகிறவன். சனிக்கிழமை பொழுதோடு பஸ்ஸில் வந்து இறங்குவான். முன்பெல்லாம் அவன் கழற்றிப் போடுகிற சட்டையைத் துவைக்க எடுக்கும்போதே அந்த வாரம் அவளுக்குத் தெரிந்துவிடும். வெடிமருந்து வாடை, பீடி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கொண்டுவந்த வெங்காய மூட்டை. இப்போது அது வெறும் துணி. யாரோ ஒருவனின் சட்டையைத் துவைக்கிற கூச்சம் வந்தது. அவன் கிட்டே வந்து உட்கார்ந்தால் உடம்பு தானாக ஒதுங்கியது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது. வாசமில்லாததால் உன்னை எனக்குத் தெரியவில்லை என்று எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்.

அதைவிட மோசம், அவளுக்கு அவளையே தெரியவில்லை. தன் மேல் ஏதோ நாற்றம் அடிக்கிறது, எல்லோரும் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருக்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் புகுந்துகொண்டது. கோடையில் கிணறு அடிக்குப் போயிருந்த காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று தரம் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டாள். துடைத்துக்கொண்டு வந்ததும் மலர்கொடியைக் கூப்பிடுவாள்.

"இஞ்ச வா. மோந்து பாரு."

"ஒண்ணும் நாறல சின்னம்மா."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்ல. லைபாய் சோப்பு வாசந்தான் வருது."

மலர்கொடி மூத்தாள் பிள்ளை. இராமலிங்கத்தின் முதல் பெண்டாட்டி அமிர்தவல்லி, முந்திரிக் காட்டில் சருகு கூட்டும்போது பாம்பு கடித்துச் செத்துப்போனாள். அப்போது மலர்கொடி தூளியில் கிடந்த குழந்தை. அடுத்த வருஷமே செங்கமலம் இரண்டாம் தாரமாக வந்தாள். அவளுக்கென்று வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இந்தப் பிள்ளையைத்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். இப்போது ஏழாவது முடித்து எட்டாவது போகப் போகிறாள். அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் தான் யார் என்று செங்கமலத்துக்குச் சொல்லத் தெரியாது.

ஊருக்கு அந்த வேடிக்கை விட்டுப்போனது வைகாசியில். மலர்கொடி மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டாள். செங்கமலம் கொல்லையில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து ஒரு கங்கு தெறித்து, விறகுக்கு வைத்திருந்த முந்திரித் தோட்டுச் சாக்கில் விழுந்தது. தோடு எரியாமல் கனிந்தது. அந்தப் புகை நெஞ்சைப் பிடித்து அறுக்கும். தெருக்கோடியில் இருந்தவர்களுக்குக்கூட எட்டியது. பொன்னாயி வாரியடித்துக்கொண்டு ஓடிவந்து, பிள்ளையைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். மலர்கொடிக்கு மூச்சு வாங்கியது, பின்னல் நுனி பொசுங்கியிருந்தது. இருமி இருமிக் கண் திறந்தாள்.

"பத்தடியில குந்தியிருக்கியேடி, பாவி," என்று பொன்னாயி அழுதாள். செங்கமலம் கையில் கட்டையோடு நின்றாள். அவளுக்கு அப்போதும் ஒரு வாடையும் வரவில்லை.

செய்தி மீன்சுருட்டிக்குப் போய்விட்டது. மறுநாளே இராமலிங்கத்தின் அக்கா கொளஞ்சியம்மாள் வந்து இறங்கினாள். வாட்டசாட்டமான பெண்பிள்ளை. வந்ததும் மலர்கொடியின் பின்னலைப் பிரித்துப் பார்த்தாள், பிறகு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"டாக்டருகிட்ட காட்டுனியா?"

"செயங்கொண்டத்துல காட்டுனம் அண்ணி. சொட்டு மருந்து குடுத்தாரு. நரம்பு செத்துப்போச்சாம். வந்தா வரும், வராட்டி இல்லன்னுட்டாரு."

"அவருக்கு என்னா தெரியும். போவிக்குப் பூவாடைக்காரிக்குப் படைச்சியா?"

செங்கமலம் தலையைக் குனிந்தாள். பூவும் பொட்டுமாகப் புருஷனுக்கு முந்திச் செத்துப்போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு போகிக்கும் அமிர்தவல்லியின் பழைய சேலை இருக்கிற ஓலைப்பெட்டியை இறக்கி, அந்தச் சேலையை இரண்டாம் தாரத்துக்காரி உடுத்திக்கொண்டு சமைத்துப் படைக்க வேண்டும். படைத்த பிறகு துவைக்காமல் மடித்து வைத்துவிட வேண்டும். செங்கமலம் வந்த நாளாக ஒரு வருஷம் தவறியதில்லை. இந்தப் போகிக்குக் காய்ச்சலில் கிடந்தாள்.

"நெனவே இல்லாம கெடந்தேன் அண்ணி."

"அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா? பேர்லயே இருக்குல்ல புள்ள. பூ வாடை. செத்தவங்களுக்கு வாயா இருக்கு, வயிறா இருக்கு? படைக்கிற சோத்துல வாடையத்தான் எடுத்துக்கிறாங்க. சக்கையத்தான் நாம திங்கிறோம். வருசத்துக்கு ஒரு நாளு வயிறு நெறையிறவள நீ பட்டினி போட்டுட்ட. அவ என்னா செய்வா? ஒம் மூக்குல வந்து குந்திக்கிட்டா."

மலர்கொடி நடுவில் புகுந்தாள். "அது பூ வாடை இல்ல அத்தை. பூ, ஆடை. எங்க தமிழ் சாரு சொன்னாரு. சேந்தா நடுவுல ஒரு வ வரும், பூவாடை."

"ஒங்க சாரு செத்துப்போயி பாத்துட்டு வந்து சொன்னாராக்கும். போ அந்தாண்ட."

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சாரு சொன்னது அவள் காதில் ஏறவும் இல்லை. திருட்டுப் போன வீட்டில் திருடன் பெயர் தெரிந்தது போல அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது, கூடவே ஒரு ஆறுதலும் வந்தது.

கொளஞ்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மூக்குல ஆரம்பிச்சிருக்கா. நேத்து அவ பெத்ததுகிட்டயே கைய நீட்டிட்டா. வெள்ளிக்கெழமை படைச்சுப் பாப்போம். மனசு குளுந்து ஒனக்கு வாடையத் திருப்பிக் குடுத்தான்னா சரி. குடுக்கலன்னா புள்ளைய நான் மீன்சுருட்டிக்கு இட்டுக்கிட்டுப் போயிடுவேன். பள்ளிக்கூடம் அங்கயும் இருக்கு. நீ வருத்தப்பட்டாலும் சரி, தீ வாசம் தெரியாதவகிட்ட எந்தம்பி புள்ளைய வுட்டுட்டு என்னால அங்க தூங்க முடியாது."

பின்னல் நுனியின் கருகலைச் செங்கமலமும் நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் வீட்டில் அமிர்தவல்லி இருந்தாள். செங்கமலத்துக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. சோற்றுப் பானையைத் திறந்தால் ஆவி தன் பக்கம் வராமல் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. தட்டுக்கு எதிரில் ஒருத்தி குந்தியிருந்து, குனிந்து, நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் எடுத்தது போக மிஞ்சிய சக்கையைச் செங்கமலம் மென்று விழுங்கினாள். பயமாகத்தான் இருந்தது. கோபமும் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குப் பிந்தித்தான் எனக்கு எல்லாம்; புதுச்சேலைகூட அவள் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் கட்டினேன்; மூக்கையும் கேட்டால் எப்படி.

"போதுங்க்கா," என்றாள் ஒரு மத்தியானம், வாய்விட்டே. "புள்ளைய மட்டும் எடுத்துடாத. அதுக்காவது வாடையக் குடுத்துடு."

எதிரில் சுவர்தான் இருந்தது. ஆனால் யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை இராமலிங்கம் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். செங்கமலம் தலைமுழுகி, ஈரத்தோடு சமைத்தாள். பச்சரிசிச் சோறு, வாளைக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை, பலாச்சுளை. எல்லாம் அமிர்தவல்லிக்குப் பிடித்தவை. மலர்கொடி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மூக்காக இருந்தாள்.

"கடுவு தீயுது சின்னம்மா, வெங்காயத்தப் போடு."

"பச்ச வாடை போயிடுச்சா?"

"இன்னும் இல்ல. புளி வாடை தூக்குது. ம், இப்ப போயிடுச்சு, எறக்கு."

வாசல்படி ஓரத்தில் மலர்கொடியின் துணிப்பை இருந்தது. பாவாடை இரண்டும் பள்ளிக்கூடச் சட்டையும் அதில் மடித்து வைத்துவிட்டாள் அத்தை. செங்கமலம் அடுப்பைப் பார்த்த நேரத்தைவிட அந்தப் பையைப் பார்த்த நேரம் அதிகம்.

இலை போட்டுப் படைத்தார்கள். சாம்பிராணிப் புகை கூரையைத் தொட்டது. கற்பூரம் காட்டி, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள், அவள் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. திரும்பக் கதவைத் திறந்ததும் கொளஞ்சியம்மாள் ஓலைப்பெட்டியிலிருந்து சேலையை எடுத்தாள். பச்சைக் கட்டம் போட்ட நூல் சேலை, மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. இந்தத் தரம் அதைச் செங்கமலத்துக்கு உடுத்தக் கொடுக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தாள், இப்படிச் சோதித்துப் பார்க்கத்தான்.

"திருப்பிக் குடுத்தான்னா மொத வாடை அவளோடதாத்தான் இருக்கும். இந்தா. கண்ண மூடிக்க. மோந்து சொல்லு."

செங்கமலம் சேலையை முகத்தில் வைத்து அழுத்தினாள். துணியின் சொரசொரப்பு கன்னத்தில் பட்டது. இழுத்தாள், இன்னும் இழுத்தாள், நெஞ்சு வலிக்கிற மட்டும் இழுத்தாள். வெறும் காற்று. பழைய தண்ணீரைக் குடிக்கிற மாதிரிகூட இல்லை, அதற்காவது ஒரு ருசி உண்டு.

"வருதா?"

மூடின கண்ணுக்குள் அவளுக்கு முதல் போகி ஞாபகம் வந்தது. புதுப் பெண்டாட்டியாக இந்தப் பெட்டியைத் திறந்து, செத்தவள் சேலையை உடம்பில் சுற்றிக்கொண்டு, அந்த நெடியில் ஒரு நாள் முழுக்கக் குமட்டிக்கொண்டு நின்றது. வெறுத்த வாடை அது. வெறுத்ததாலேயே ஒன்று விடாமல் தெரியும்.

"வருது அண்ணி," என்றாள்.

"என்னா வருது?"

"வேப்பெண்ணெ. தலையிலேருந்து எறங்கித் தோள்பட்டையில வழிஞ்சிருக்கு. வெத்தல வாடை, கெராம்பு போட்டு மென்னது. முந்தானையில முந்திரிப்பழக் கறை. அப்பறம்," என்று நிறுத்தினாள். "அப்பறம் புள்ள மூத்தரம். பாலு புளிச்ச வாடை. தூளி கட்டுன சேலை இல்லையா, அது போவல. அதுக்கு அடியில அவங்க வேர்வ. சுண்டக்கா நசுக்குனா வருமே, அந்த மாதிரி, லேசாக் கசப்பா."

வீட்டுத்தூணில் சாய்ந்திருந்த இராமலிங்கம் அப்படியே சறுக்கிக் கீழே உட்கார்ந்தான். "பொடுகுக்கு வேப்பெண்ணெதான் தேப்பா," என்றான் யாரிடமோ. "சொன்னாலும் கேக்க மாட்டா." எழுந்து வந்து சேலையை வாங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அவதாங்க்கா, அவதான்," என்று குலுங்கினான். அவன் அப்படி அழுது செங்கமலம் பார்த்ததில்லை.

கொளஞ்சியம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. சேலையை வாங்கி மலர்கொடியிடம் நீட்டினாள். "நீயும் மோந்து பாரு தாயி. ஒங்கம்மா."

மலர்கொடி சேலையை வாங்கி முகர்ந்தாள். வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு சேலைக்கு மேலாகக் கண்ணை மட்டும் தூக்கிச் செங்கமலத்தைப் பார்த்தாள்.

"ஆமாத்தை," என்றாள் மலர்கொடி. "வேப்பெண்ணெ வாடைதான்."

கொளஞ்சியம்மாள் துணிப்பையைத் தன் கையாலேயே அவிழ்த்துப் பாவாடைகளைக் கொடியில் போட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் அத்தையை ஏற்றிவிட்டு வந்தார்கள். இராமலிங்கமும் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். போகும்போது அவன் செங்கமலத்தின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டான்.

படையல் பாத்திரங்களைக் கொல்லையில் போட்டு இருவரும் துலக்கிக்கொண்டிருந்தபோது செங்கமலம் மெல்லக் கேட்டாள்.

"நெசமா வந்துச்சா ஒனக்கு?"

"வல்ல."

"எனக்கும் வல்லடி."

"தெரியும். தீ வாடையே தெரியல, இது எப்படித் தெரியும்." மலர்கொடி சாம்பலை அள்ளிக் குண்டானில் தேய்த்தாள். "பயப்படாத. இனிமே பகல்ல தூங்க மாட்டேன். அடுப்ப நான் பாத்துக்கிறேன்."

செங்கமலம் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "அப்ப சேலையில என்னாதான் அடிச்சுது?"

"ஒன் வாடைதான்."

"என் வாடைன்னா எப்படி? நாத்தமா?"

"நாத்தம் இல்ல. எப்படிச் சொல்றது. நீ வந்தா வருமே, அது. தூங்குறப்ப பக்கத்துல இருக்குமே. சேல முச்சூடும் அதான் இருந்துச்சு." பிள்ளை கையை நிறுத்தினாள். "நீ சொன்னதெல்லாம் பொய்யா? எங்கம்மாவுக்கு அந்த வாடையெல்லாம் இல்லையா?"

"அய்யய்ய, பொய் இல்லடி. மொத வருசம் பொட்டியத் தொறந்தப்ப அத்தினியும் இருந்துச்சு. உங்கப்பா அழுதத பாத்தல்ல."

"அப்ப இப்ப எங்க போச்சு?"

மலர்கொடி அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், சாம்பல் கையோடு, தாய் செத்ததற்கு இத்தனை வருஷம் கழித்து அழுதாள். போகிக்குப் போகி உடுத்தி, அடுப்படியில் வேர்த்து, துவைக்காமல் மடித்து வைத்தது செங்கமலம்தான். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சேலையிலிருந்து அமிர்தவல்லியைத் துடைத்து எடுத்ததும் அவள்தான். பிள்ளைக்கென்று இருந்த ஒரே வாடையைத் தின்று தீர்த்தவள், தன் மூக்கைக் காணோம் என்று செத்தவள் மேல் பழி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, வேப்பெண்ணெயிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். மலர்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுண்டக்கா பச்சையா, வத்தலா?" என்று கேட்டாள். "பச்ச," என்றாள் செங்கமலம். பிள்ளை எழுந்து வேலியோரச் சுண்டைச் செடியைத் தேடிப் போனாள்.

செங்கமலம் உள்ளே வந்து மிச்சச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழம்பைச் சுடவைத்து ஊற்றியிருந்தாள். ஆவி எழுந்தது. எந்தப் பக்கமும் சாயாமல் நேராக மேலே போனது. எதிரில் யாரும் இல்லை. தன் சேலையிலேயே இல்லாதவள், சொந்தப் பிள்ளைக்கு ஒரு நுனி வாடை மிச்சம் வைக்க முடியாதவள், என் மூக்கில் வந்து குந்தியிருக்க எங்கிருந்து வருவாள். அப்படியானால் யாரும் எடுக்கவில்லை. சும்மாவே போய்விட்டது. எடுத்தவள் இருந்தால் கெஞ்சலாம், சண்டை போடலாம், அடுத்த போகிக்காவது மனசு வைப்பாள் என்று காத்திருக்கலாம். யாரும் எடுக்காததை யாரிடம் போய்க் கேட்பது. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட அவள் இப்படித் தனியாக இருந்ததில்லை.

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு எழுந்து இன்னொரு தட்டை எடுத்து வந்து எதிரில் வைத்தாள். தன் தட்டிலிருந்து பாதிச் சோற்றை அதில் தள்ளி, கருவாட்டுத் துண்டையும் எடுத்து வைத்தாள்.

"எடுத்துக்கக்கா," என்றாள். "நீ எடுத்துக்கிட்டதாவே இருக்கட்டும்."